குரோசாவாவின் 'இகிரு': சாவின் குறியீடுகளையும் வாழ்வின் பொருளையும் படிப்படியாக வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சாவைப் பற்றிய திரைப்படம் என்றதும் மண்டையோடு, கறுப்பு அங்கி, மணற்கடிகாரம் போன்ற அடையாளங்களை எதிர்பார்த்து உட்காருபவர்களுக்கு, ஜப்பானின் அகிரா குரோசாவா 1952-இல் இயக்கிய 'இகிரு' ('வாழ்தல்' என்று பொருள்) முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். அதில் சாவு ஒரு நகராட்சி அலுவலகத்தின் காகிதக் கட்டுகளிலும், மையில் தோய்ந்த ஒரு முத்திரையிலும், பழைய தொப்பி ஒன்றிலும் குடியிருக்கிறது. வாழ்வின் பொருள் எது என்ற கேள்விக்கும் படம் எந்தப் பாத்திரத்தின் வாயிலிருந்தும் நேரான விடை சொல்வதில்லை. பொருள்கள் இடம் மாறுவதிலும், ஒரே பாட்டு இரண்டு வெவ்வேறு இடங்களில் ஒலிப்பதிலும், இறந்தவரைப் பற்றி மற்றவர்கள் பேசும் பேச்சிலும் அந்த விடை சிதறிக் கிடக்கிறது. ஆகவே இதை வாசிக்கப் பொறுமையும் ஓர் ஒழுங்கும் வேண்டும். கீழே உள்ள படிகள் கதை முழுவதையும் வெளிப்படுத்துகின்றன; படத்தைப் பார்க்காதவர்கள் முதல் படியோடு நிறுத்திவிட்டு, பார்த்த பிறகு தொடர்வது நல்லது.

முதல் படி: பார்ப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

படம் 143 நிமிடங்கள் ஓடும், கறுப்பு வெள்ளை. திரைக்கதையைக் குரோசாவா, ஷினோபு ஹாஷிமோட்டோ, ஹிதேயோ ஒகுனி ஆகிய மூவரும் சேர்ந்து எழுதினார்கள். டால்ஸ்டாயின் 'இவான் இலியீச்சின் மரணம்' என்ற குறுநாவல் இதற்கு ஒரு தூண்டுதலாக இருந்தது. நாயகன் கான்ஜி வாத்தனபேயாக நடித்தவர் தகாஷி ஷிமுரா. 1954-இல் வந்த 'ஏழு சாமுராய்' படத்தில் வீரர்களின் தலைவராகக் கம்பீரமாக நின்றவரும் இவர்தான் என்பதை நினைவில் வைத்தால், இங்கே கூனிக் குறுகிய தோள்களோடும் தொண்டையிலேயே தங்கிவிடும் குரலோடும் அவர் நடமாடுவதன் அருமை விளங்கும்.

ஜப்பான் மீதான நேச நாடுகளின் ஆட்சி 1952 ஏப்ரலில் முடிந்தது; அதே ஆண்டு அக்டோபரில் படம் வெளிவந்தது. போரில் தோற்று, இடிந்து, மீண்டும் எழுந்துகொண்டிருந்த தோக்கியோ நகரம்தான் களம். இரவு விடுதிகளில் அமெரிக்க இசை ஒலிக்கிறது. குடியிருப்புகளின் நடுவே சாக்கடை தேங்கிய பள்ளம் கிடக்கிறது. அலுவலக ஆவணங்களில் கையெழுத்துக்குப் பதிலாகத் தனி முத்திரையைப் பதிப்பது ஜப்பானிய வழக்கம். நோயாளிக்குப் புற்றுநோய் இருப்பதை மருத்துவர்கள் அவரிடமே மறைப்பது அக்காலத்தில் அங்கு பரவலான நடைமுறை. இவ்விரண்டு வழக்கங்களும் தெரியாவிட்டால் படத்தின் முக்கியமான இரண்டு காட்சிகள் பாதிதான் புரியும்.

முதல் முறை பார்க்கும்போது குறிப்பு எதுவும் எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான எண்ணம். இடையில் நிறுத்தாமல், கூடுமானால் ஒரே அமர்வில் பார்த்துவிடுங்கள். குறியீடுகளைத் தேடுவது இரண்டாம் முறைக்கான வேலை. முதல் முறையிலேயே அதைத் தொடங்கினால், ஒரு மனிதர் சாகப் போகிறார் என்ற எளிய துயரம் நம்மைத் தொடாமலே போய்விடும்.

இரண்டாம் படி: முதல் பிம்பத்தில் நிறுத்துங்கள்

இரண்டாம் முறை பார்க்கத் தொடங்கியதும் முதல் காட்சியிலேயே நிறுத்துங்கள். திரையில் தெரிவது ஒரு வயிற்றின் எக்ஸ்ரே படம். இது நம் நாயகனுடைய வயிறு என்றும், இதில் புற்றுநோயின் அறிகுறி தெரிகிறது என்றும், அவருக்கு இது இன்னும் தெரியாது என்றும் ஒரு கதைசொல்லியின் குரல் அறிவிக்கிறது. முகத்தைக் காட்டும் முன்பே குடலைக் காட்டிவிடும் இந்தத் தொடக்கத்தில், அவர் அறியாத ஒன்றை அறிந்தவர்களாக நாம் ஆக்கப்படுகிறோம். இனி அவர் செய்யும் ஒவ்வொரு அற்ப வேலையையும் நாம் அந்த அறிவோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்து வருவது அலுவலகம். வாத்தனபே நகராட்சியின் மக்கள் குறைதீர்க்கும் பிரிவின் தலைவர். ஒரு காகிதத்தை எடுக்கிறார், பார்க்காமலேயே முத்திரை குத்துகிறார், அடுத்த அடுக்கில் வைக்கிறார், சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மணி பார்க்கிறார். இவர் வாழ்கிறார் என்று சொல்ல முடியாது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செத்துக் கிடக்கிறார் என்று அதே குரல் சற்றும் ஈவிரக்கமின்றிச் சொல்கிறது. ஆக, படத்தில் இரண்டு சாவுகள் இருக்கின்றன: ஒன்று வயிற்றில் வளர்ந்துகொண்டிருப்பது, மற்றொன்று நாற்காலியில் என்றோ நடந்து முடிந்தது. முதலாவது வந்துதான் இரண்டாவதை அவர் கண்ணுக்குக் காட்டுகிறது. படம் முழுவதையும் தாங்கும் தூண் இது என்பதால், மேலே செல்வதற்கு முன் இதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சிறிய செயலைக் கவனிக்கத் தவறாதீர்கள். முத்திரையில் மை அடைத்துக்கொள்ளும்போது அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, பழைய ஆவணம் ஒன்றிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் துடைக்கிறார். அந்த ஆவணம், அலுவலகத்தின் செயல்திறனை உயர்த்துவதற்காக அவரே இளமையில் எழுதிய திட்டம். எந்த வசனமும் இல்லை, எந்த இசையும் அதை அடிக்கோடிடவில்லை. ஒரு காலத்தில் இந்த மனிதருக்கும் ஒரு கனவு இருந்தது என்பதும், அது இப்போது மை துடைக்கும் தாளாகிவிட்டது என்பதும் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன.

மூன்றாம் படி: காகிதங்களின் பயணத்தைப் பின்தொடருங்கள்

சாக்கடைப் பள்ளத்தைத் தூர்த்து அந்த இடத்தில் குழந்தைகளுக்குப் பூங்கா அமைத்துத் தர வேண்டும் என்று ஏழைத் தாய்மார்கள் சிலர் மனுவோடு வருகிறார்கள். அவர்களைப் பொதுப்பணிப் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து பூங்காப் பிரிவுக்கு, பிறகு சுகாதாரப் பிரிவுக்கு, பிறகு இன்னும் பல பிரிவுகளுக்கு. ஒரு காட்சி அடுத்ததைத் துடைத்துக்கொண்டு வரும் வெட்டுமுறையில் குரோசாவா இதை வேகமாக அடுக்கிக்கொண்டே போகிறார். கடைசியில் அவர்கள் தொடங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். இது வெறும் நிர்வாகக் கேலி என்று பலர் கடந்துவிடுகிறார்கள், அது தவறு. வாத்தனபே பிற்பகுதியில் இதே மாடிப்படிகளையும் இதே மேசைகளையும்தான் ஒவ்வொன்றாக ஏறி இறங்கப் போகிறார். தாய்மார்களை எந்தச் சுவர்கள் திருப்பி அனுப்பினவோ, அதே சுவர்களில்தான் அவர் தன் மிச்ச நாள்களைச் செலவிடுகிறார்.

நான்காம் படி: ஒலியைக் கேளுங்கள்

மருத்துவமனைக் காட்சிக்கு வந்ததும் கண்ணைவிடக் காதுக்கு முதலிடம் கொடுங்கள். காத்திருப்போர் அறையில் முன்பின் தெரியாத ஒருவர் அவரிடம் வந்து பேச்சுக் கொடுக்கிறார். சாதாரணப் புண்தான், அறுவைச் சிகிச்சை தேவையில்லை, பிடித்ததைச் சாப்பிடலாம் என்று மருத்துவர் சொன்னால், அதற்குப் பொருள் ஓராண்டுகூட மிச்சமில்லை என்பதுதான் என்கிறார் அவர். வாத்தனபே இருக்கை மாறி மாறி விலகப் பார்க்கிறார். பிறகு உள்ளே மருத்துவர் அதே சொற்களை ஏறத்தாழ அப்படியே சொல்லும்போது, ஆறுதல் மொழியே மரணத் தீர்ப்பாக மாறிவிடுகிறது.

வெளியே வந்து தெருவில் நடக்கும்போது ஒலி முற்றிலும் நின்றுவிடுகிறது. வண்டிகள் ஓடுகின்றன, ஆள்கள் நடக்கிறார்கள், எதுவும் கேட்கவில்லை. சட்டென்று ஒரு லாரியின் பேரிரைச்சல் அவரை முட்டித் தள்ளுவது போல உலகத்துக்குள் மீண்டும் இழுத்துப் போடுகிறது. சாவைத் தெரிந்துகொண்ட மனிதனின் தனிமையை இதைவிடக் கச்சிதமாகக் காட்டிய இடம் சினிமாவில் வெகு சிலவே என்பேன்.

அன்றிரவு வீட்டில், இருட்டில் அவர் உட்கார்ந்திருப்பது தெரியாமல், மகன் மிட்சுவோவும் மருமகளும் அவருடைய சேமிப்பையும் ஓய்வுப் பணத்தையும் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறார்கள். அவர் மனம் பழைய நாள்களுக்குப் போகிறது: மனைவியின் சவ ஊர்தியைப் பின்தொடர்ந்து போன பயணம், மகன் ஆடிய பேஸ்பால் ஆட்டம், அவன் போருக்குப் புறப்பட்ட இரயில் நிலையம். படுக்கும் முன் வழக்கம்போல் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிடுகிறார். போர்வைக்குள் புகுந்து அவர் அழும்போது, கேமரா மெல்ல மேலே எழுந்து, நீண்ட காலப் பணிக்காக அவருக்கு வழங்கப்பட்ட பாராட்டுச் சான்றிதழைக் காட்டுகிறது. சான்றிதழும் அழுகையும் ஒரே சட்டகத்தின் மேலும் கீழும். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

ஐந்தாம் படி: தொப்பியையும் பாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு குறியீட்டுக்கு அகராதிப் பொருள் எழுதி வைப்பதைவிட, அது முதன்முதலில் தோன்றும் இடத்திலிருந்து கடைசியாகத் தோன்றும் இடம் வரை அதைப் பின்தொடர்வதே சரியான முறை. இதைப் பழகுவதற்கு இந்தப் பகுதி ஏற்றது. சேமிப்பிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு ஒரு மதுக்கடைக்குப் போகும் வாத்தனபே, அங்கே ஓர் எழுத்தாளரைச் சந்திக்கிறார். கூலி வாங்காத ஒரு நல்ல மெஃபிஸ்டோஃபெலிஸாக நான் உங்களுக்கு இன்றிரவு வழிகாட்டுகிறேன் என்கிறார் அவர். கதேயின் 'ஃபாஸ்ட்' நாடகத்தில் சாத்தானாகிய மெஃபிஸ்டோஃபெலிஸ் கறுப்பு நாயின் உருவில் வருவதை அறிந்தவர்களுக்கு, அருகே திரியும் கறுப்பு நாய் ஒரு வெளிப்படையான சைகை. படத்திலேயே மிகவும் பட்டவர்த்தனமான குறியீடு இது. அதனால்தான் எனக்கு இது மற்றவற்றைவிடச் சற்று ஆழம் குறைந்ததாகவும் தோன்றுகிறது.

அந்த இரவில் ஒரு பெண் அவருடைய பழைய தொப்பியைப் பறித்துக்கொண்டு ஓடிவிட, அவர் புதிய வெளிர்நிறத் தொப்பி ஒன்றை வாங்கிக்கொள்கிறார். அடுத்த நாள் முதல் அந்தத் தொப்பியைப் பார்ப்பவர்கள் எல்லோரும் திகைக்கிறார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு ஓர் இரவு விடுதியில் பியானோக்காரர் நேயர் விருப்பம் கேட்கும்போது, வாத்தனபே 'கொண்டோலாவின் பாட்டு' வேண்டும் என்கிறார். அது 1915-இல் வந்த பழைய பாட்டு. வாழ்க்கை குறுகியது, உதட்டின் செந்நிறம் வெளிறும் முன் காதலித்துவிடு என்று இளம்பெண்ணுக்குச் சொல்வது. அவர் உடல் அசையாமல், உதடு மட்டும் லேசாகப் பிரிய, கண்ணில் நீர் வழியப் பாடுகிறார். ஆடிக்கொண்டிருந்த இணைகள் நின்றுவிடுகின்றன. களிப்புக் கூடத்தின் நடுவே ஒரு சாவு வந்து நின்றதைப் போல எல்லோரும் அவரை வெறிக்கிறார்கள். இந்த முதல் பாடலின் குரலையும், முகத்தையும், சுற்றியிருப்பவர்களின் பார்வையையும் நினைவில் வையுங்கள். இது மீண்டும் வரும்.

ஆறாம் படி: முயலும் மாடிப்படியும்

தோயோ என்ற இளம்பெண் அலுவலக வேலையை விட்டு விலகுகிறாள். விலகல் கடிதத்தில் அவருடைய முத்திரை வேண்டும் என்பதற்காகத்தான் அவரைத் தேடி வருகிறாள். சக ஊழியர்களுக்கெல்லாம் அவள் பட்டப்பெயர் வைத்திருக்கிறாள். வாத்தனபேக்கு அவள் வைத்த பெயர் 'மம்மி'. அவள் சாப்பிடுவதையும் சிரிப்பதையும் அவர் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். அவளைச் சுற்றியே அவர் திரிவதை வீட்டில் உள்ளவர்கள் கிழவரின் பெண்ணாசை என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர் தேடுவது அவளிடம் இருக்கும் உயிர்ப்பின் இரகசியத்தை.

ஓர் உணவகத்தின் மாடியில் அவர்கள் கடைசியாகச் சந்திக்கும் காட்சியை இரண்டு மூன்று முறையாவது பாருங்கள். அறையின் ஒரு பக்கம் இவர்கள். எதிர்ப்பக்கம் ஒரு தோழியின் பிறந்தநாளுக்காகக் காத்திருக்கும் இளைஞர் கூட்டம். தான் சாகப் போவதைச் சொல்லி, ஒரே ஒரு நாளாவது உன்னைப் போல் வாழ்ந்துவிட்டுச் செத்தால் போதும் என்று அவர் முகத்தை நெருங்கிக் கொண்டு வரும்போது, தோயோ அஞ்சிப் பின்வாங்குகிறாள். நான் உழைக்கிறேன், சாப்பிடுகிறேன், அவ்வளவுதானே என்கிறாள். பிறகு, தான் இப்போது வேலை செய்யும் தொழிற்சாலையில் செய்த பொம்மை முயலை மேசைமேல் ஓட விடுகிறாள். இதைச் செய்யும்போது ஜப்பானில் உள்ள எல்லாக் குழந்தைகளோடும் விளையாடுவது போல இருக்கிறது, நீங்களும் எதையாவது செய்யுங்களேன் என்கிறாள்.

காலம் கடந்துவிட்டது என்று முனகியவர், கண்ணீரோடு நிமிர்ந்து, இல்லை, அந்த அலுவலகத்திலும் செய்ய முடியும், மனம் வைத்தால் போதும் என்று சொல்லிவிட்டு, முயலைக் கையில் பிடித்தபடி மாடிப்படியில் இறங்கி ஓடுகிறார். அதே நொடியில் இளைஞர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து 'ஹாப்பி பர்த்டே' பாடத் தொடங்குகிறார்கள். பாட்டு, படியேறி வரும் தோழிக்கு. ஆனால் நாம் பார்ப்பது படியிறங்கும் கிழவரை. அவர் அதைக் கேட்டாரா என்பதே ஐயம். யாரும் அவரை வாழ்த்தவில்லை. ஆயினும் அவர் பிறந்த கணம் இதுதான். குரோசாவா இந்தக் குறியீட்டைக் காட்சிக்குள் இயல்பாக இருந்த ஒன்றிலிருந்தே எடுத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்: கூட்டத்தை அவர் காட்சியின் தொடக்கத்திலிருந்தே நம் கண்முன் வைத்திருந்தார். மறுநாள் அலுவலகத்தில், அடுக்குக்குள் புதைந்துபோன தாய்மார்களின் மனுவை அவர் தோண்டி எடுக்கிறார்.

ஏழாம் படி: இறந்தவர் இல்லாத பகுதியை வாசியுங்கள்

அவர் கிளம்பியதும் கதைசொல்லி மீண்டும் குறுக்கிட்டு, ஐந்து மாதங்கள் கழித்து நாயகன் இறந்துவிட்டார் என்று அறிவிக்கிறார். படத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் முடிந்திருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி இழவு வீட்டில் நடக்கிறது. முதல் முறை பார்ப்பவர்கள் பலருக்கு இங்கே சலிப்புத் தட்டும். எனக்கோ படத்தின் உயிரே இங்குதான் இருக்கிறது. பூங்கா கட்டப்பட்ட ஐந்து மாதங்களை வரிசையாகக் காட்டியிருந்தால் அது ஒரு வெற்றிக் கதையாக முடிந்திருக்கும். மாறாக, ஒரு வாழ்க்கையின் பொருளை அந்த வாழ்க்கைக்கு வெளியே நிற்பவர்கள் எப்படித் திரித்து, மறுத்து, தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்து, பிறகு மறந்தும் போகிறார்கள் என்பதை இந்தப் பகுதி காட்டுகிறது.

நடுவே வாத்தனபேயின் நிழற்படம். துணை மேயர் பூங்காவுக்கான பெருமையை எவ்விதக் கூச்சமுமின்றித் தனக்கும் தன் நிர்வாகத்துக்கும் எடுத்துக்கொள்கிறார். கூடியிருக்கும் அதிகாரிகள் ஆமாம் போடுகிறார்கள். அப்போது அந்தத் தாய்மார்கள் வந்து, யாரிடமும் பேசாமல், நிழற்படத்தின் முன் ஊதுவத்தி ஏற்றி அழுகிறார்கள். அவர்கள் போன பிறகு அறையில் விழும் மௌனத்தைத் தாங்க முடியாமல் துணை மேயர் எழுந்து போய்விடுகிறார்.

அதன்பின் குடிக்கத் தொடங்கும் ஊழியர்கள் ஒவ்வொருவராக நினைவுகூர்கிறார்கள். ஒவ்வொரு நினைவும் ஒரு துண்டுக் காட்சி: மேசை மேசையாகக் குனிந்து நிற்பது, மிரட்ட வந்த ரௌடிகளின் முன் வெறுமனே புன்னகைப்பது. இத்தனை அவமானப்படுத்துகிறார்களே, உங்களுக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டவரிடம், மனிதர்களை வெறுக்க எனக்கு நேரமில்லை என்கிறார். பாலத்தின் மேல் நின்று செவ்வானத்தைப் பார்த்து, எவ்வளவு அழகு, முப்பது ஆண்டுகளாக நான் அந்தியைப் பார்த்ததே இல்லையே என்று வியந்து, ஆனால் இப்போது அதற்கும் நேரமில்லை என்று நடக்கிறார். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கொன்றுகொண்டிருந்தவரின் வாயில் வரும் 'நேரமில்லை' இது. முதல் காட்சியோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு காவலர், பூங்காவில் கிடந்த தொப்பியைக் கொண்டு வந்து கொடுக்கிறார். களிப்பைத் தேடிய இரவில் வாங்கிய அதே தொப்பி, இப்போது கசங்கி அழுக்கேறி இருக்கிறது. பனி கொட்டிய இரவில் அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்ததைக் கண்டதாகவும், குடிகாரர் என்று நினைத்து விட்டுவிட்டதாகவும் காவலர் வருந்துகிறார். திரையில் அந்த இரவு விரிகிறது. குழந்தைகள் ஏறி விளையாடும் இரும்புச் சட்டத்தின் கம்பிகளுக்கு ஊடாகக் கேமரா நகர்ந்து, ஊஞ்சலாடும் அவரைக் காட்டுகிறது. அதே 'கொண்டோலாவின் பாட்டு', அதே தழுதழுத்த குரல். விடுதியில் அது இழந்த வாழ்வுக்கான ஒப்பாரியாக இருந்தது; இங்கே அமைதியாக ஒலிக்கிறது. பாட்டின் ஓர் எழுத்தும் மாறவில்லை, அதைப் பாடுபவர் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டுமே மாறியிருக்கிறது.

எட்டாம் படி: இறுதிக் காட்சிகளுக்கு ஆறுதல் பூசாதீர்கள்

போதையில் ஊழியர்கள் எல்லோரும் இனி வாத்தனபேயைப் போல உழைப்போம் என்று சூளுரைக்கிறார்கள். அடுத்த காட்சியில், அலுவலகத்தில் அவருடைய நாற்காலியில், அவருக்குக் கீழே வேலை செய்த ஓனோ அமர்ந்திருக்கிறார். சாக்கடை பற்றி ஒரு புகார் வருகிறது. பொதுப்பணிப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள் என்கிறார். கிமுரா என்ற இளைய ஊழியர் மட்டும் விருட்டென்று எழுந்து நிற்கிறார். எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள். மெல்ல உட்காருகிறார், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் அவருடைய முகம் மறைந்துபோகிறது. முதல் காட்சியில் வாத்தனபேயைச் சூழ்ந்திருந்த அதே கட்டுகள். பின்பு கிமுரா பாலத்தில் நின்று, பூங்காவில் விளையாடும் குழந்தைகளைப் பார்க்கிறார்.

ஒரு மனிதரின் நற்செயலால் அமைப்பு திருந்திவிட்டது என்று படம் சொல்லவில்லை. அவர் செய்தது வீண் என்றும் சொல்லவில்லை. பூங்கா இருக்கிறது, குழந்தைகள் இருக்கிறார்கள், சாக்கடைப் பள்ளம் போய்விட்டது. அதற்குமேல் எதுவும் உறுதியில்லை. நம்பிக்கைப் படம், அவநம்பிக்கைப் படம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விளக்கங்கள் இந்த இரண்டு காட்சிகளில் ஏதேனும் ஒன்றை ஒளித்துவிடுகின்றன.

ஒன்பதாம் படி: ஒப்பிட்டுப் பார்க்க

மூன்றாம் முறை பார்க்க மனம் இருந்தால், அதற்கு முன் டால்ஸ்டாயின் குறுநாவலைப் படியுங்கள். அங்கேயும் கதை இறந்தவரின் செய்தியில் தொடங்கி, சக அதிகாரிகள் அவருடைய பதவி யாருக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போடுவதைக் காட்டுகிறது. ஆனால் இவான் இலியீச்சின் விடுதலை மரணப் படுக்கையில், மனத்துக்குள் நிகழ்கிறது. வாத்தனபேயின் விடுதலைக்கு மண்ணும் சிமெண்டும் ஓர் ஊஞ்சலும் தேவைப்படுகின்றன. பிறகு, கசுவோ இஷிகுரோ திரைக்கதை எழுதி 2022-இல் வெளிவந்த 'லிவிங்' என்ற பிரிட்டன் மறுஆக்கத்தைப் பாருங்கள். பில் நை நடித்த அந்தப் படத்தில் கதை 1950-களின் லண்டனுக்கு மாறியிருக்கிறது. ஊஞ்சலும் பனியும் அங்கும் உண்டு, பாட்டு மட்டும் ஒரு ஸ்காட்லாந்து நாட்டுப்பாடலாகிவிட்டது. இரண்டு ஊஞ்சல் காட்சிகளையும் அடுத்தடுத்து ஓட விட்டு, கேமரா எங்கே நிற்கிறது, பாடுபவரின் முகம் எப்போது தெரிகிறது, அதற்கு முன் யார் பேசுகிறார்கள் என்ற மூன்றையும் குறித்துக்கொண்டால், குரோசாவா எதையெல்லாம் சொல்லாமல் விட்டார் என்பது தெளிவாகத் தெரியவரும்.